மூன்று வசனங்களுக்கு மேலே

பதினோரு வருடம் எங்கள் சபைக்கு வசனம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் தோள் தானாக ஒரு அங்குலம் உயரும். அப்புறம்தான் வெட்கம் வரும்.

புது வருடத்தன்று ஆராதனை முடிந்ததும் எங்கள் ஊட்டிச் சபையில் ஒரு கூடை வரிசை வரிசையாகக் கைமாறும். மற்ற ஊர்களில் இதை நள்ளிரவில் வைத்துக்கொள்வார்கள். ஜனவரிப் பனியில் பல் கிட்டிப்போய் எங்களால் ஆமென் சொல்ல முடியாது என்பதால் நாங்கள் காலைக்கு மாற்றிவிட்டோம். கூடைக்குள் சின்னச் சின்ன அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுக்க வேண்டும். எது வருகிறதோ அதுதான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் உங்களுக்கென்று கொடுத்த வாக்குத்தத்தம். அதைப் பர்ஸில் வைப்பார்கள், பீரோக் கண்ணாடியில் ஒட்டுவார்கள், வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாகப் போடுவார்கள். பிடிக்காத வசனம் வந்தால், "ஐயோ, ரெண்டு ஒட்டிக்கிட்டு வந்துருச்சுங்க" என்று அதை உள்ளே போட்டுவிட்டு வேறொன்றை எடுப்பவர்களும் உண்டு. ஆண்டவருக்கே இரண்டாவது வாய்ப்பு கொடுக்கிற பெருந்தன்மை.

என் தேர்வுக்கு விதிகள் இருந்தன. கோபம் கூடாது. சாவு கூடாது. நீ இன்னது செய்தால்தான் என்று நிபந்தனை இருந்தால், அந்தப் பாதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் அச்சுக்குக் கொடுப்பேன். கூலிக்காரனுக்குச் சேர வேண்டியதை நிறுத்தி வைக்காதே என்பது போன்ற வசனங்களுக்கு என் கூடையில் இடமே இல்லை. புது வருடமும் அதுவுமாக அது யாருக்கு வேண்டும்? ஒரு வருடம் தீர்க்கதரிசி ஒருவர் ஊர்ப் பெரிய மனிதர்கள்மேல் சீறிய வசனம் எப்படியோ என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு நுழைந்து, சரியாகச் சபைச் செயலாளர் கையிலேயே போய் விழுந்தது. மனிதர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அதிலிருந்து இன்னும் ஜாக்கிரதையானேன்.

என் அக்கா, ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற வழியில் நடுவட்டத்தில் இருக்கிறாள். மச்சான் எஸ்டேட்டில் லாரி ஓட்டுகிறார், அவளுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. ஆறு வருடத்துக்கு முன்னால் அவர்களுடைய ஒரே மகள் போய்விட்டாள். மூன்று வயது. சளி என்றார்கள், காய்ச்சல் என்றார்கள், நான்காம் நாள் நிமோனியா என்றார்கள். ஐந்தாம் நாள் பிள்ளை இல்லை. இதற்கு மேல் இதை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அக்கா வீட்டில் ஜெபம் வைத்தோம். மற்றவர்கள் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். நான் சபையின் வசன அதிகாரி அல்லவா? என் கையிருப்பிலேயே முதல் தரமான ஒன்றை எடுத்தேன். தொடக்கம் கொஞ்சமாக இருந்தாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்கிற கருத்துள்ள வசனம். கடைத் திறப்பு விழா, ஆட்டோவின் முதுகு, கல்யாணப் பத்திரிகை, எங்கே பார்த்தாலும் இருக்கும். அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, பின்னால் பனிமலையும் நீல ஏரியும் போட்டுக் கண்ணாடிச் சட்டம் கட்டினேன். மலையிலேயே பிறந்து மலையிலேயே குப்பை கொட்டுகிற குடும்பத்துக்குச் சுவிட்சர்லாந்து மலை! கூடத்துச் சுவரில் நானே ஆணி அடித்து மாட்டினேன். "ஆண்டவர் உனக்கு நெறைவாத் திருப்பித் தருவாருக்கா" என்று வேறு சொன்னேன். அக்கா அந்தச் சட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறுதல் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதற்கப்புறம் அக்கா திருவிருந்து எடுக்கவே இல்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நடுவட்டத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள். கடைசி பெஞ்ச். பாட்டெல்லாம் பாடுவாள். அப்பமும் திராட்சை ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து முன்னால் போகிற நேரம், அவள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள். கேட்டால், "பஸ்ஸுக்கு நேரமாச்சுடா" என்பாள். நடுவட்டத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று எனக்குத் தெரியாதா என்ன?

மனதில் ஏதோ குற்றம் உள்ளவர்கள்தான் திருவிருந்துப் பந்திக்கு வரமாட்டார்கள் என்பது எங்கள் சபையில் எழுதாத சட்டம். பேச்சு கிளம்பிவிட்டது. மச்சானோடு சண்டையாம். கூடலூர்ப் பக்கம் வேறு சபைக்குப் போகிறாளாம். ஒருநாள் செயலாளர் என் தோளில் கையைப் போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏனுங்க, உங்க அக்கா இந்த ஈஸ்டருக்கும் பந்திக்கு வரலீன்னா பேரை லிஸ்ட்ல இருந்து எடுத்துருவோமுங்க. நான் என்னங்க பண்றது, ரூல்ஸ் அப்படி."

ரூல்ஸ்! பிள்ளையைப் புதைத்த பெண்ணைப் போய் ஏனம்மா வெளியே நிற்கிறாய் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. பேரை எடுக்க ரூல்ஸ் இருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஆறு வருடத்தில் நான் மட்டும் ஒழுங்காகக் கேட்டேனா? அன்றைக்குத்தான் நடுவட்டம் போய்க் கேட்டேன். "எனக்கு அதுக்கு யோக்கியதை இல்லடா. விடு" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் குன்னூரில் இறையியல் வகுப்பு என்று ஒன்று ஆரம்பித்தது. சனிக்கிழமை சாயங்காலம், ஒரு சபைக் கூடத்தில், சாதாரண விசுவாசிகளுக்கு. நடத்துவது ஒரு பெண். கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர், இறையியலில் பட்டம் வாங்கியவர், வயது முப்பதுகூட இராது. எங்கள் கமிட்டி கூடியது. கிறிஸ்துமஸ் கேக்கில் முந்திரி போடுவதா உலர்திராட்சை போடுவதா என்று மூன்று மணி நேரம் வாதாடுகிற கமிட்டி, இதற்கு ஐந்தே நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னது: ஆபத்து.

"படிச்சா விசுவாசம் போயிருமுங்க" என்றார் செயலாளர். "எங்க சித்தப்பா பையன் ஒருத்தன் படிச்சான். இப்ப சர்ச்சுப் பக்கமே வர்றதில்லீங்க."

"இறையியலா படிச்சாருங்க?"

"இல்லீங்க, என்ஜினியரிங்."

யாரும் சிரிக்கவில்லை. நானும்தான். பல் வலித்தால் டாக்டர் எங்கே படித்தார் என்று விசாரிப்போம். பிள்ளைக்கு டியூஷன் வைத்தால் மாஸ்டரின் மார்க்கைக்கூடக் கேட்போம். ஆத்துமா என்று வந்தால் மட்டும், ஒன்றும் படிக்காதவர் கை வைத்தால்தான் எங்களுக்கு நிம்மதி. வேதத்தை ஆராய்வது பிரசங்கம் பண்ணுகிறவரின் வேலை, நமக்கு எதற்கு என்போம். அந்த வேலையை அவர் செய்து முடித்ததும் பிரசங்கம் நீளம் என்று கடிகாரத்தைப் பார்ப்போம்.

கடைசியில், யாராவது ஒருவர் உள்ளே போய் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வர வேண்டும் என்று முடிவானது. குன்னூரில் வேலை பார்க்கிறவன், வேதத்தைக் கரைத்துக் குடித்தவன் என்று எல்லோரும் நம்புகிறவன், வேறு யார்? ஒற்றனாகப் போனேன். அந்தப் பெண் சொல்லும் தப்புகளைக் குறித்துக்கொள்ள ஒரு புது நோட்டும் வாங்கிக்கொண்டேன்.

முதல் வகுப்பில் குறித்துக்கொள்ள ஒன்றுமே அகப்படவில்லை. எனக்குச் சப்பென்று போய்விட்டது. முடிக்கும்போது அவர் சொன்னார்: "அடுத்த வாரம் உங்க வீட்டுச் சுவத்துல என்ன வசனம் மாட்டியிருக்கோ அதை எழுதிட்டு வாங்க. அதை யார் சொன்னது, யார்கிட்ட சொன்னது, எப்போ சொன்னதுன்னு தேடிப் பாருங்க. அவ்வளவுதான் வீட்டுப்பாடம்."

இவ்வளவுதானா இறையியல்? இதற்கா கமிட்டி போட்டோம்? எனக்குச் சிரிப்பாக இருந்தது. தேடியெல்லாம் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாத வசனமா!

அடுத்த சனிக்கிழமை முதலில் எழுந்தது ஒரு ஜீப் ஓட்டுநர். காலில் கல் இடறாதபடி தேவதூதர்கள் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்கிற வசனத்தைத் தன் முன்கண்ணாடியில் ஒட்டியிருப்பதாகச் சொன்னார். மலைப்பாதைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று ஒட்டினாராம்.

"சங்கீதப் புத்தகத்துல நல்ல பாட்டுங்க அது" என்றார் ஆசிரியை. "ஆனா இதையே ஒருத்தன் இயேசுகிட்ட சொல்லி, கோயில் உச்சியில இருந்து குதின்னான். யாருன்னு எடுத்துப் பாருங்க."

புரட்டிப் பார்த்த ஓட்டுநர், "அடக் கடவுளே, சாத்தானுங்க!" என்று அலறிவிட்டார். கூடமே சிரித்தது.

"வசனத்து மேல தப்பில்லை. ஆனா கொண்டை ஊசி வளைவுல வேகத்தைக் குறைக்காம அதைச் சொன்னீங்கன்னா, அவன் சொன்ன மாதிரிதான் நீங்களும் சொல்றீங்கன்னு அர்த்தம்."

ஓட்டுநர் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தார். நான் எழுந்தேன். என் வீட்டுச் சுவரில் இருப்பதை விட்டுவிட்டு, முதல் தரமென்று அக்கா வீட்டுச் சட்டத்தில் போட்ட வசனத்தைக் கணீரென்று ஒப்பித்தேன். யாராவது கைதட்டினால் ஆட்சேபம் இல்லை என்கிற மாதிரி நின்றேன்.

"சரிங்க. அந்த அதிகாரத்தை முதல்ல இருந்து சத்தமா வாசிங்க" என்றார்.

வாசித்தேன். வேதத்தில் எல்லோருக்கும் கதை தெரிந்த புத்தகம்தான் அது. ஒரு நல்ல மனிதன். ஒரே நாளில் அவனுடைய ஆடுமாடுகளும் பத்துப் பிள்ளைகளும் போய்விடுகின்றன. உடம்பெல்லாம் கொப்புளத்தோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். ஆறுதல் சொல்ல மூன்று சிநேகிதர்கள் வருகிறார்கள். நான் கண்ணாடி போட்டு மாட்டிய வசனம் ஆண்டவர் சொன்னதே அல்ல. அந்த சிநேகிதர்களில் ஒருவன் சொன்னது. அதற்கு மூன்று வசனங்களுக்கு மேலே அதே ஆள், அதே மூச்சில், பிள்ளைகளைப் பறிகொடுத்தவனின் முகத்தைப் பார்த்து என்ன சொல்கிறான் என்றால், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அந்தப் பாவத்தின் கையிலேயே அவர்களை ஆண்டவர் விட்டிருப்பார் என்கிற மாதிரி சொல்கிறான். நீ சுத்தமாக இருந்தால் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்கிறான். அந்தப் பேச்சின் வால்தான் என் முதல் தர வசனம்.

 கண்ணுக்கு முன்னால் அக்கா வீட்டுச் சுவர். நானே அடித்த ஆணி.

"இப்போ கடைசி அதிகாரத்துக்குப் போங்க" என்றார் ஆசிரியை. போனேன். அங்கே ஆண்டவரே வந்து அந்த சிநேகிதர்களிடம், என்னைப் பற்றி நீங்கள் பேசியது சரியில்லை என்று கோபித்துக்கொள்கிறார். பதினோரு வருடம் வசனம் எடுத்துக் கொடுத்தவன், அந்தப் பக்கத்தை அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன்.

நான் வேலை பார்ப்பது தேயிலையை ஏலத்துக்கு விடும் தரகர் அலுவலகத்தில். ருசி பார்க்கிறவருக்குப் பக்கத்தில் நின்று, அவர் உறிஞ்சித் துப்பிவிட்டுச் சொல்வதை எழுதிக்கொள்கிறவன். எந்தத் தோட்டம், எந்த கிரேடு, எந்த வாரத்து இலை என்று தெரியாமல் ஒரு மூட்டையை நான் அடுத்த மேசைக்கு நகர்த்தியதில்லை. இலைக்குக் கேட்ட கேள்வியில் ஒன்றைக்கூட வசனத்துக்குக் கேட்டதில்லை. இதை நினைத்து நினைத்து ஊட்டி வரும்வரை பஸ்ஸில் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

இறங்குவதற்குள் செயலாளரிடமிருந்து ஃபோன். "என்னங்க, தப்பு ஏதாச்சும் அகப்பட்டுச்சுங்களா?"

"அகப்பட்டுச்சுங்க" என்றேன். "நம்ம கூடையில."

மறுநாள் ஆராதனை முடிந்ததும் நடுவட்டத்துக்குப் போனேன். ஈஸ்டருக்கு இரண்டே வாரம் இருந்தது. அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வந்தேன் என்றுகூடச் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சட்டத்தைக் கழற்றினேன்.

"ஏண்டா, அதை எதுக்கு எடுக்கற?"

உளறினேன். இது ஆண்டவர் சொன்னதில்லை அக்கா, எவனோ சொன்னது, மேலே ஒரு மாதிரி எழுதியிருக்கிறது, நான் பார்க்காமல் போட்டுவிட்டேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றாள். "நீ மாட்டிட்டுப் போனப்பவே வேதத்தை எடுத்து எங்க இருக்குதுன்னு பாத்தேன். மூணு வசனம் மேல இருந்துச்சு."

நாற்காலியிலிருந்து இறங்கி, சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மூணு வயசுப் புள்ள என்னடா பாவம் பண்ணும்? அப்ப நாந்தான் என்னமோ பண்ணிருக்கோணும். யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், என்னன்னு தெரியல. இன்னும் தெரியல. என்ன பாவம்னே தெரியாம வெச்சுக்கிட்டுப் பந்திக்கு எப்படிடா வர்றது? ஆண்டவரே ஆளனுப்பிச் சொல்லி ஆணியடிச்சு மாட்டி வெச்சிருக்காருன்னு இருந்தேன்."

அந்த ஆள் நான். சிரித்த முகமும் சுத்தியலுமாக வந்தவன்.

"அதுக்கு மேல படிக்கலையாக்கா?"

"அதுக்கு மேல என்னடா படிக்கக் கெடக்குது?"

"கடைசியில..." என்று ஆரம்பித்தேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"நீ சொல்லாத. நீ வெட்டிக் குடுக்கறவன். அந்த வேதத்த எடு, நானே படிச்சுக்கறேன்."

படித்தாள். எட்டாம் அதிகாரத்திலிருந்து நாற்பத்திரண்டு வரைக்கும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வரிக்கு வரி விரலை வைத்து, உதட்டை அசைத்துக்கொண்டு. நான் சமையலறைக்குப் போய்க் கீரையை ஆய்ந்து முடித்தேன், டீ போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏலத்துல இருக்கறவன் போடற டீயாடா இது?" என்று தம்ளரைத் தள்ளி வைத்தாள். மச்சான் உள்ளே வந்தார், அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் மடியிலிருந்த சட்டத்தைப் பார்த்தார், கடைப்பக்கம் போய்விட்டார். வெளியே மூடுபனி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சாம்பலில் உட்கார்ந்தவன் ஆண்டவரோடு சண்டை போடுகிற இடங்களில் அவள் மூச்சு பலமாகக் கேட்டது. "நல்லாக் கேக்கறான்" என்று ஒரு தடவை சொன்னாள். அவன் பிள்ளைகள் ஏன் போனார்கள் என்று அந்தப் புத்தகம் கடைசிவரை சொல்லவில்லை. அதை எனக்குக் குன்னூர் வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. தெரியாது என்பதைத் தெரியாது என்று விட்டுவைக்கவும் ஒரு படிப்பு வேண்டியிருக்கிறது.

நாலரை மணி இருக்கும். விரல் நின்றது.

"இவனுக சொன்னது தப்பாம்" என்றாள்.

"ஆமாக்கா."

"ஆண்டவரே சொல்றாரு, தப்புன்னு."

அப்படியே முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பிள்ளையைப் புதைத்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.  அந்தப் பாழாய்ப்போன சுவிட்சர்லாந்தை மடியில் வைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

"ஆறு வருசம்டா" என்றாள். "இந்த ஒரு பக்கத்த ஏண்டா எனக்கு யாரும் சொல்லல?"

"எங்களுக்குத் தெரியாதுக்கா."

"பதினோரு வருசமா வசனம் எடுத்துக் குடுத்தியே!"

"எடுத்தேன். படிக்கல."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். அடுத்த வரியைப் படித்தாள். புருவம் ஏறியது. இன்னொரு தரம் படித்தாள்.

"இங்க பாரு. அந்த ஆளுக இவங்கிட்டத்தான் போகோணுமாம். அவனுகளுக்காக இவன்தான் ஜெபம் பண்ணோணுமாம். அப்பத்தான் அவனுகளை மன்னிப்பாராம்."

சட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மண்டி போடு" என்றாள்.

போட்டேன். சிமெண்டுத் தரை சில்லிட்டது. கீரை வாசம் போகாத கையை என் தலையில் வைத்தாள்.  அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுகிற மாதிரி ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, எந்தம்பிக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரியே இத்தனை நாளாத் திரிஞ்சுட்டான். அவனை மன்னிச்சிருங்க. எம்புள்ளைய நீங்க பாத்துக்கோங்க. வர்ற ஈஸ்டருக்கு நான் பந்திக்கு வர்றேன், பஸ் போனாப் போகுது. இவனை மட்டும் கொஞ்சம் படிக்க வையுங்க. ஆமென்."